விலங்குகளைத் தத்தெடுப்போரும் அவர்தம் அந்தரங்கமும்

இலக்கியமும் வரலாறும் பேசப்படும் நம் சங்க இதழில் நாய் பூனைகளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். காலம் அதற்குத் தக்க காரணம் தந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய்களைப் பற்றிய வழக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம்; நாய்க்கு அடையாளம் இட்டு அவரிடம் ஒப்படைக்க வேண்டும்; அது மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர் பொறுப்பு என்று அவ்வாணை கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பிறந்த மற்றோர் ஆணை, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலியவற்றின் வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்குமாறு பணித்தது.

விடுதி வாயிலில் நாம் பெயரிட்டு அழைத்துச் சோறிட்ட நாய்களும் இவ்வாணையின் எல்லைக்குள் வருவனவே. ஆகவே நம்மில் பலர் காப்பகத்தின் படியேறி, தத்துப் படிவத்தில் கையொப்பம் இடும் நிலை ஏற்பட்டிருக்கிறது. நாயின் நலத்தைப் பற்றி அங்கே எல்லோரும் பேசுகிறார்கள். கையொப்பம் இட்ட மனிதரின் பெயரும் முகவரியும் அதன்பின் என்ன ஆகின்றன என்று கேட்பவர் குறைவு. அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் விலங்கியல் துறையில் முதுகலை பயிலும் மாணவன். தலைநகரின் புறத்தே உள்ள ஒரு காப்பகத்தில் ஞாயிறுதோறும் பெயரேடு எழுதும் பணியை ஓராண்டாகச் செய்து வருகிறேன். அங்கே கண்டவற்றையும் படித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெயரேடு ஏன் வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தத்தெடுப்பவர் பெயரே வேண்டாம், முகவரியே வேண்டாம் என்பது என் வாதமன்று. அவை கட்டாயம் வேண்டும். ஏன் என்பதற்கு வெறிநாய்க்கடி நோய் ஒன்றே போதிய சான்று.

வெறிநோய்க் கிருமி உடலில் புகுந்தவுடன் நோய் வெளிப்படுவதில்லை. பெரும்பாலும் வாரங்களும் மாதங்களும் கழித்தே அறிகுறிகள் தோன்றுகின்றன. ஆகவே ஒரு காப்பகத்தில் இன்று நலமாகத் துள்ளும் நாய் ஒன்று, அடுத்த மாதம் நோய்வாய்ப்படக்கூடும். அதற்குள் அதனோடு ஒரே கூண்டில் இருந்த மூன்று நாய்கள் மூன்று வீடுகளுக்குப் போயிருக்கலாம். அவ்வீடுகளில் குழந்தைகள் இருக்கலாம். அறிகுறி தோன்றிய பின் இந்நோய்க்கு மருந்தில்லை என்றே சொல்ல வேண்டும். அதற்கு முன் ஊசி போட்டால்தான் உயிர் தப்பும். அந்த மூன்று வீட்டாரையும் காப்பகம் அன்றைக்கே தொலைபேசியில் அழைத்தாக வேண்டும். நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் அதனைப் பத்து நாள் கண்காணிப்பது வழக்கம். நாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதைக் கண்காணிப்பது?

ஆண்டுதோறும் தடுப்பூசி நினைவூட்டுவதற்கும், காணாமற் போன நாயைத் திருப்பி ஒப்படைப்பதற்கும், வளர்க்க இயலாது என்பவரிடமிருந்து திரும்பப் பெறுவதற்கும் அதே ஏடுதான் துணை. எனவே ஏட்டில் இருக்கும் பெயர் உண்மைப் பெயராகவும், எண் உண்மை எண்ணாகவும் இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தன் முகவரி ஊரெல்லாம் பரவும் என்று அஞ்சுபவர் என்ன செய்வார்? ஒன்று, தத்தெடுக்காமலே திரும்பிப் போவார். அல்லது பொய்யான எண்ணை எழுதிக் கொடுப்பார். ஆபத்து வந்த நாளில் நாம் சுழற்றும் எண் யாருடையதோ ஆகிவிடும். ஆகவே தத்தெடுப்பவரின் அந்தரங்கத்தைக் காப்பது அவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. நோய்த் தடுப்புக்கும் விலங்கின் நலத்துக்கும் அதுவே அடிப்படை. காப்பகம் அறியட்டும், தெரு அறிய வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

எந்த வழிகளில் வெளியேறுகிறது?

செய்தி வெளியேறும் வாயில்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது புகைப்படம். தத்து முடிந்த மகிழ்ச்சியில் நாயும் மனிதரும் சேர்ந்து நிற்கும் படத்தை எடுத்து, பெயரும் பேட்டையும் குறித்து, காப்பகத்தின் அறிவிப்பில் வெளியிடுகிறார்கள். நல்ல நோக்கந்தான். படத்தைக் கண்டு இன்னும் நால்வர் தத்தெடுக்க முன்வருவர். ஆனால் பின்னால் கதவெண் தெரிகிறது. எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது. கைப்பேசியில் எடுத்த படக்கோப்பினுள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருப்பதும் உண்டு.

இரண்டாவது, திறந்து கிடக்கும் ஏடு. வருவோர் எல்லோரும் கையொப்பமிடும் மேசையிலேயே தத்துப் பெயரேடும் கிடக்கும். வரிசையில் நிற்பவர் பொழுது போகாமல் பக்கங்களைப் புரட்டுவார்.

மூன்றாவது, அடையாளச் சீட்டின் நகல். ஆதார் நகலை வாங்கிக் கைப்பேசிக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அக்குழுவில் இன்று இருப்பவர் நாளை இல்லை; ஆனால் நகல் அவருடைய கைப்பேசியில் இருந்துகொண்டே இருக்கிறது.

நான்காவது, வாய்ச்சொல். "அந்தக் கறுப்பு நாய் யார் வீட்டுக்குப் போயிற்று?" என்று ஒருவர் அன்பாகக் கேட்க, மற்றொருவர் அன்பாகச் சொல்லிவிடுகிறார்.

இவற்றால் என்ன கெட்டுவிடும் என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பணிபுரியும் தமிழ்ச் சகோதரி ஒருவர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே வாழ்ந்து வந்தார். முன்பு வளர்த்தவனால் அடிபட்டு, அண்டை வீட்டாரால் மீட்கப்பட்டுக் காப்பகத்துக்கு வந்த ஒரு பெண் நாயை அவர் தத்தெடுத்தார். தொண்டர் ஒருவர் அவரை அவர் வீட்டு வாயிலிலேயே நாயோடு நிறுத்திப் படமெடுத்துப் பெயருடன் வெளியிட்டார். மூன்றாம் நாள் மாலை முன்பு வளர்த்தவன் அந்த வாயிலில் வந்து நின்றான். "என் நாயைக் கொடு" என்றான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். வீட்டுக்காரர், "நாயை அனுப்பு, இல்லாவிட்டால் அறையைக் காலி செய்" என்றார். அச்சகோதரி கண்ணீரோடு நாயைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அந்த ஞாயிறு ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே "திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதியவன் நான். படம் வெளியிட்டவருக்குத் தீய எண்ணம் எள்ளளவும் இல்லை. எனினும் அந்நாய் இரண்டாம் முறை வீடிழந்தது. பிறகு அது வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. அம்முறை வெளியான படத்தில் நாய் மட்டுமே இருந்தது.

சிறு செய்திகள் ஒன்றுசேர்ந்தால்

"பெயரை மட்டும் நீக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது என்பதை அறிவியல் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்கு வழங்கினர். அப்போது பட்ட மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவு எது என்பதையே கண்டுபிடித்துவிட்டார். இஃது 1997 வாக்கில் நடந்தது. அந்த மூன்று செய்திகளால் மட்டுமே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று 2000ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டார். வேறோர் ஆய்வாளர் பின்னர் செய்த கணக்கில் இவ்விழுக்காடு குறைந்தது. ஆயினும் பாதிக்கு மேல் என்பதில் மாற்றமில்லை.

நமக்கு இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒரு பேட்டையில் 10,000 வீடுகள் என்று கொள்வோம். ஐம்பதில் ஒன்று தமிழர் வீடானால் 200 வீடுகள். அவற்றுள் இருபதில் ஒன்றில் பெண் ஒருவர் தனியே வசிக்கிறார் என்றால் 10 வீடுகள். அந்தப் பத்தில் மூன்று கால் நாய் இருக்கும் வீடு எது? ஒன்றுதான். "தமிழ்ப் பெண் ஒருவர் நம் மூன்று கால் நாயைத் தத்தெடுத்தார்" என்று பெயர் இல்லாமல் எழுதினாலும், எழுதியவர் முகவரியையே எழுதியவர் ஆகிறார்.

நாம் பிற மாநிலத்தில் வாழ்கிறோம். இங்கே நம் மொழியே நம்மைத் தனித்துக் காட்டும் அடையாளம். சென்னையில் "தமிழர்" என்பது எதையும் சுட்டாத சொல். இங்கே அது பத்தாயிரத்தை இருநூறாகக் குறைக்கும் சொல். மேலும் நம்மில் பலர் வாடகைக்குக் குடியிருப்போர். நாய் வளர்ப்பதை விரும்பாத வீட்டுக்காரரும், புலால் சமைப்பதையே பொறுக்காத அண்டை வீட்டாரும் நமக்குப் புதியவர் அல்லர். ஆகவே இந்தச் சிக்கல் உள்ளூராரைவிட நம்மையே மிகுதியாகத் தாக்கும்.

ஒரு நல்ல முன்மாதிரி

அறியவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? முடியும் என்பதற்கு நாயின் தோலடியில் வைக்கும் மைக்ரோசிப்பே எடுத்துக்காட்டு.

அரிசிமணி அளவான கண்ணாடிக் குழாய் அது. அதனுள் ஒரு சிறு கம்பிச்சுருளும் ஒரு சில்லும் உண்டு; மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகே கொண்டு சென்றால், அது பரப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னாற்றலால் சில்லு விழித்து 15 இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்கிறது. பன்னாட்டுத் தர அமைப்பின் 11784, 11785 என்னும் தரங்கள் இதனை வரையறுக்கின்றன. நாய் எங்கே திரிகிறது என்பதை இந்தச் சில்லு சொல்லாது. வளர்ப்பவர் பெயரும் அதில் இல்லை. எண் ஒன்றே உண்டு.

அந்த எண்ணுக்குரிய பெயர் வேறோர் இடத்தில், பதிவேட்டில் இருக்கிறது. வழிதவறிய நாயைக் கண்டவர் எண்ணைப் படிக்கலாம், பதிவேட்டாரிடம் சொல்லலாம், பதிவேட்டார் வளர்ப்பவரை அழைப்பர். அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் நடத்தும் தேடுதல் வசதியும் இம்முறையையே பின்பற்றுகிறது. எண்ணைக் கொடுத்தால், எந்தப் பதிவேட்டில் அது இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். வளர்ப்பவர் பெயரைச் சொல்லாது. நாயும் வீடு சேர்கிறது. வீட்டாரின் முகவரியும் தெருவுக்கு வருவதில்லை. இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மைக்ரோசிப் வாங்கப் பொருள் இல்லாத காப்பகமும் இக்கொள்கையைக் கைக்கொள்ளலாம். நாய்க்கு ஓர் எண். கழுத்துப்பட்டையில் அந்த எண்ணும் காப்பகத்தின் தொலைபேசியும் மட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஏடு பூட்டிய பெட்டியில். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில்தான் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. விலங்கின் உரிமை இவ்வாறு வளர்ந்து வந்த அதே 1962இல், மனிதரின் அந்தரங்கம் நீதிமன்றத்தில் ஒரு பின்னடைவைக் கண்டது. கரக் சிங் வழக்கில், காவலர் இரவில் வீடு புகுந்து பார்ப்பது தவறென்று உச்ச நீதிமன்றம் கூறிய போதிலும், அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். அவர் கருத்தே இறுதியில் வென்றது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

அதன்பின் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டது. இச்சட்டத்தின் சாரம் எளியது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு வேண்டியதை மட்டும் கேட்க வேண்டும். ஒருவர் எல்லாவற்றுக்கும் இசைந்து கையொப்பம் இட்டிருந்தாலும், நோக்கத்துக்குத் தேவையற்ற பகுதிக்கு அவ்விசைவு செல்லாது. மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்கள் அனைத்தையும் கேட்பதைச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்லி, அது வேண்டாதது என்கிறது. தத்துப் படிவத்தில் மாத வருமானத்தையும் சாதியையும் கேட்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாய்க்குச் சோறிட இயலுமா என்று அறிய வருமானச் சான்று எதற்கு? சாதி எதற்கு?

இச்சட்டத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கணினியிலும் கைப்பேசியிலும் ஏறும் செய்திக்கே அது பொருந்தும். தாளிலேயே நின்றுவிடும் ஏட்டுக்குப் பொருந்தாது. மேசைமேல் திறந்து கிடக்கும் நோட்டுப் புத்தகத்தைச் சட்டம் வந்து மூடாது. அதை நாம்தான் மூட வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

"காப்பகம் பொதுமக்கள் பணத்தில் நடக்கிறது. நாய்கள் எங்கே போயின என்று கேட்க நன்கொடையாளருக்கு உரிமை இல்லையா?" என்று ஒரு மறுப்பு எழும். நேர்மையான கேள்வி. மறைப்பது என்ற பெயரில் ஊழலை மறைக்க இடங்கொடுக்கக் கூடாது. எத்தனை நாய்கள் வந்தன, எத்தனை தத்துப் போயின, எத்தனை திரும்பின, எத்தனை இறந்தன என்பவற்றை மாதந்தோறும் எண்ணிக்கையாக வெளியிட வேண்டும். ஏட்டை முழுவதும் பார்க்கத் தணிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் பொதுமக்கள் கணக்குக் கேட்பது வேறு. கதவெண் கேட்பது வேறு.

"தத்தெடுத்துக் கொடுமை செய்வோரையும் இப்படிக் காப்பதா?" என்பது இரண்டாம் மறுப்பு. அத்தகையோரைக் கண்டறிய வல்லது காப்பகத்தின் நேரடி விசாரணையே. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சென்று பார்க்கலாம். தடுப்பூசிச் சீட்டைக் கேட்கலாம். கொடுமை நடந்தால் காவல் நிலையத்தில் புகார் தரலாம். குற்றவாளி ஒருவனைப் பிடிப்பதற்காக நல்லவர் நூறு பேர் முகவரியைச் சுவரில் ஒட்டுவது நீதியாகாது.

நாம் செய்ய வேண்டுவன

காப்பகங்களில் தொண்டு செய்யும் நம் மாணவர்க்கும், தத்தெடுக்கப் போகும் நம் மாணவர்க்கும் சிலவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

1. படத்தில் நாய் இருக்கட்டும்; மனிதர் அவராக விரும்பினால் மட்டும் இருக்கட்டும். விருப்பத்தைத் தத்துக்கு முன் கேட்கக் கூடாது. முடிந்த பின் கேட்க வேண்டும். முன்பே கேட்டால், மறுத்தால் நாய் கிடைக்காதோ என்று அஞ்சி ஒப்புக்கொள்வார்.

2. படத்தைக் காப்பகத்தின் வெற்றுச் சுவர் முன் எடுக்க வேண்டும்; வீட்டு வாயிலில் எடுக்கலாகாது. கைப்பேசியின் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிட வேண்டும்.

3. பேட்டையின் பெயரைச் சொல்லாமல், "நகரில் ஒரு குடும்பம்" என்று சொன்னால் போதும்.

4. அடையாளச் சீட்டைப் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். நகல் வேண்டியே தீரும் என்றால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். நகலின் குறுக்கே "நாய் தத்துக்காக மட்டும்" என்று எழுதித் தேதியிட வேண்டும்.

5. ஏட்டைப் பூட்டி வைக்க வேண்டும். சாவி இருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். தத்துச் செய்திகளைக் கைப்பேசிக் குழுவில் போடலாகாது.

6. முன்பு வளர்த்தவர் நாயின் நலம் கேட்டால், "நலமாக இருக்கிறது" என்று சொல்லலாம். இருக்கும் இடத்தைச் சொல்லலாகாது. கடிதம் கொடுத்தால் காப்பகமே வாங்கிச் சேர்ப்பிக்கலாம்.

7. தத்தெடுப்பவர் உண்மையான எண்ணையே கொடுக்க வேண்டும். எண் மாறினால் தெரிவிக்க வேண்டும். நம் அந்தரங்கத்தைக் காக்குமாறு கேட்கும் நாம், நம்மை நம்பியவரை ஏமாற்றலாகாது.

இவற்றுள் ஒன்றேனும் கடினமானதா? பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டாம். புதிய சட்டம் வேண்டாம். நாவடக்கமும் ஒரு பூட்டும் போதும்.

வளாகத்திலிருந்து அகற்றப்படும் நாய்களுள் சிலவற்றுக்கேனும் நாம் வீடு தேடித் தர முயல்வோம். நம் சங்கத்தார் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். விருப்பமுள்ளோர் பட்டியலைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், செயலாளரிடம் மூடிய உறையில் கொடுக்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குவோமாக.